பெல்ஜியம் அண்ணை எடுத்துவிட்ட ஆட்கள்

பெல்ஜியம் அண்ணை ஒரு வீட்டுக்குள் வந்தால் முதல் வேலையாக ஆட்களை எண்ணுவார். சப்பாத்தைக் கழற்றும்போதே தொடங்கிவிடும். வாசலில் கிடக்கிற மற்றச் சப்பாத்துகளை வைத்து ஒரு கணக்கு, முன்னறையில் இருப்பவர்களைப் பார்த்து இன்னொரு கணக்கு, பிறகு குசினிக்குள் எட்டிப் பார்த்து மிச்சம். உதடு அசைவது தெரியும். பிறந்தநாள் வீடு, செத்தவீடு என்ற வித்தியாசமெல்லாம் அவருக்கு இல்லை. எண்ணி முடித்த பிறகுதான் நிமிர்ந்து, "எப்பிடித் தங்கச்சி, சுகமாய் இருக்கிறியளோ?" என்று கேட்பார். அதுவரை நீங்கள் என்ன கேட்டாலும் அவர் காதில் விழாது.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. லண்டனில், எங்கள் செவன் கிங்ஸில், ஒருவரும் அதைப் பாவிக்கவில்லை. ஜெர்மனியிலிருந்து வந்தவர் ஜெர்மன் மாமா, நோர்வேயிலிருந்து வந்தவ நோர்வே அக்கா, இவர் பெல்ஜியம் அண்ணை. பிள்ளைகள் இங்கிலீசில் படிக்க வேண்டும் என்று ஐரோப்பாவில் இருந்த வீட்டையும் பாஷையையும் விட்டுவிட்டு லண்டனுக்கு வந்த கூட்டத்தில் அவரும் ஒருவர். பகலில் வாடகை வீடுகளுக்குப் பெயின்ற் அடித்தார். மிச்ச நேரத்தில் படம் கீறினார். அங்கே பெல்ஜியத்தில் அவர் பேர்பெற்ற ஓவியர், அவருடைய படங்களை மண்டபம் எடுத்து மாட்டி வைக்கிறார்கள் என்று சொன்னால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள். நானும் சிரித்தவள்தான். ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறப் பார்க்கிற ஆளைப் பற்றி வேறு என்ன நினைப்பது?

ஆனால் இவருக்கு அவரை முதலே தெரியும். இவர் என்று நான் சொல்வது என் கணவரை. கல்யாணத்துக்கு முன்பு இவர் பெல்ஜியத்தில், அன்ட்வேர்ப்பில் அகதியாக இருந்தவர். ரயில் ஸ்டேசனுக்குப் பின்னால், ஒரு கடைக்கு மேலே, பதினொரு ஆண்கள் ஒன்றாக இருந்த வீடு. அந்த வீட்டுக்குச் சமையல் பெல்ஜியம் அண்ணை. ஆளுக்கு அரைச் சுண்டு அரிசி. கஷ்டம் என்னவென்றால், பின்னேரம் எத்தனை பேர் இருப்பார்கள் என்று அவருக்குக் காலையில் தெரியாது. ஒருவனைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போயிருக்கும். ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் பிரான்சுக்குப் போயிருப்பான். ஆகவே அவர் உலை வைக்கும்போது மூன்று மாடியும் ஏறி இறங்கி ஆட்களை எண்ணிவிட்டுத்தான் அரிசி கழுவுவார். ஆள் இல்லாவிட்டால் அரிசி போடக்கூடாது என்பது அவருடைய சட்டம். போட்டால் சோறு மிஞ்சும், மிஞ்சின சோற்றைப் பார்த்துக்கொண்டு மற்றவர்கள் சாப்பிட வேண்டும். அது நல்லதில்லை என்பார்.

படம் கீறப் பழகினதும் அங்கேதான். டச்சு படிக்க வேண்டும் என்று அரசாங்கம் அவரைப் பின்னேரப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அனுப்பியது. அதே கட்டிடத்தின் மேல்மாடியில் ஓவியம் சொல்லிக் கொடுத்தார்கள். கீழே வாய் திறந்து கதைக்க வேண்டும், மேலே கதைக்கத் தேவையில்லை. அவர் மேலே போய்விட்டார்.

எங்கள் கல்யாணத்துக்கு அவர் தந்த பரிசு ஒரு படம். பெல்ஜியத்திலிருந்து வான் வண்டியில் வந்து இறங்கியது, ஒரு கதவைப் படுக்க வைத்த அளவு. அந்த அன்ட்வேர்ப் வீட்டின் ஞாயிற்றுக்கிழமை. மேசையைச் சுற்றிப் பதினொரு பேர். ஒருவர் வெங்காயம் உரிக்கிறார், ஒருவர் சேட்டு அயன் பண்ணுகிறார், ஒருவர் கடிதம் எழுதுகிறார், ஒருவர் மூலையில் வாயைத் திறந்தபடி நித்திரை. ஜன்னலுக்குப் பக்கத்தில் இவர், மடியில் சுளகு வைத்து, தலையைக் குனிந்து பருப்பில் கல் பொறுக்குகிறார். இருபத்தி நாலு வயது, தலை நிறைய முடி. அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவர் பெல்ஜியம் அண்ணை. மேசையில் பதினொரு தேத்தண்ணிக் கோப்பைகள். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக, ஊசி குத்த இடமில்லாத படம். அந்தக் காலத்தில் அவர் கீறினதெல்லாம் அப்படித்தானாம். பெல்ஜியத்தில் ஒருவரும் வாங்கவில்லையாம்.

அந்தப் படத்தை முன்னறையில் செற்றிக்கு மேலே மாட்டினோம். லண்டன் வந்த புதிதில் எனக்கு ஆட்களே இல்லை, அந்தப் பதினொரு பேரையும் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுவேன். யார் எந்த ஊர், யாருக்கு எத்தனை சகோதரம் என்றெல்லாம் இவர் சொல்லிச் சொல்லி எனக்குப் பாடம்.

பெல்ஜியம் அண்ணை லண்டனுக்குக் குடிவந்த வருஷம், ஒரு ஞாயிறு மத்தியானம், கையில் ஒரு தகரப் பிஸ்கட் பேணியோடு வந்தார். பிள்ளைக்கு ஏதோ கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து நான் கை நீட்டினேன். அவர் தரவில்லை. செற்றியில் பேப்பரை விரித்தார், அதில் முழங்காலில் ஏறி நின்றார், பேணியைத் திறந்தார். உள்ளே பெயின்ற் குழாய்களும் தூரிகைகளும். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வரும்போது வெங்காயம் உரிக்கிறவர் பாதி இல்லை.

"அண்ணை, என்ன செய்யிறியள்?" என்றேன். எனக்குக் குரல் எழும்பிவிட்டது.

"அவன் ரொறன்ரோவுக்குப் போயிட்டான் தங்கச்சி. ஒரு வருஷமா ஒரு கதையுமில்லை. நான் டெலிபோன் எடுத்தாலும் எடுக்கிறானில்லை."

"அதுக்கு?"

"அதுக்கு அவன் ஏன் இதில நிக்க வேணும்?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் சிரித்துக்கொண்டு நின்றார். அவர் போன பிறகு நான் கத்தினேன். தந்த பரிசில் கை வைக்கிற பழக்கம் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டேன். "சுவர்தான் எங்கட. படம் அவன்ர" என்றார் இவர். அதற்கு மேல் இவரிடம் கதை எடுபடாது. மூன்று நாளைக்கு வீடு முழுக்க எண்ணெய் மணம். வெங்காயம் மேசையில் அப்படியே கிடந்தது, உரித்த ஆள் இல்லை. கோப்பையும் கிடந்தது. கோப்பைகளை மட்டும் அவர் ஒருநாளும் எடுக்கவில்லை.

அப்படித்தான் அது நடந்தது. வருஷத்துக்கு ஒருவர், சில வருஷம் ஒருவரும் இல்லை. அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பழைய ஆட்கள் எல்லாருக்கும் டெலிபோன் எடுப்பார். வருஷக் கணக்கில் பதில் இல்லாவிட்டால், அல்லது "ஓம், சொல்லு, என்ன விஷயம்" என்று கதைக்கிற நிலைக்கு ஒருவர் வந்துவிட்டால், பேணியைத் தூக்கிக்கொண்டு வருவார். சுவிஸில் இருந்த அயன்காரர் செத்தபோது அந்தக் கிழமையே வந்தார். செத்தவரையும் எடுப்பீர்களா என்று கேட்டேன். "ஆள் இல்லையே" என்றார். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. சுவருக்குப் பெயின்ற் அடிக்கிறபோது இருக்கிற முகம்தான்.

அவர் ஆட்களை எடுத்த இடத்தில் பூசின நிறமும் மாறிக்கொண்டு வந்தது. முதலில் ஒரு சாம்பல் பச்சை. சில வருஷத்தில் வெறும் சாம்பல். பிறகு லண்டனில் வாடகை வீடுகளுக்கெல்லாம் அடிக்கிற அந்த மக்னோலியா, வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை. ஏன் இந்த நிறம் என்று இவர் ஒருமுறை பகிடியாகக் கேட்டார். "பகல் முழுக்க இதைத்தான் பார்க்கிறன் மச்சான். கண்ணை மூடினாலும் இதுதான் நிக்குது. வேற நிறம் கலக்கக் கை போகுதில்லை."

ரொறன்ரோக்காரர் ஒருமுறை லண்டனுக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். நல்ல மனிதர், பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. பெல்ஜியம் அண்ணையையும் கூப்பிட்டிருந்தோம். ரொறன்ரோக்காரர் செற்றியில் இருக்க முதலே படத்துக்கு முன்னால் போய் நின்று தேடினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"நான் எங்க?" என்றார்.

 நான் தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்தேன்.

"நீ மூண்டு வருஷமாக் கதைக்கேல்லை" என்றார் பெல்ஜியம் அண்ணை.

"மச்சான், எனக்கு ரெண்டு வேலை, அம்மா வேற படுக்கையில…"

"நான் பிழை சொல்லேல்லை. நீ இல்லை, அவ்வளவுதான்."

வந்தவர் சிரிக்கப் பார்த்தார். "சரி, இப்ப வந்திட்டன்தானே. திருப்பிக் கீறிவிடு."

"எனக்குப் போட ஏலாது. எடுக்கத்தான் தெரியும்."

அந்த மனிதர் சாப்பிட்டுவிட்டுப் போகும்போது வாசலில் என்னிடம், "தங்கச்சி, என்ர வெங்காயம் கிடக்குது, கண்டனீங்களே" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு பெல்ஜியம் அண்ணையில் அன்றைக்கு வந்த கோபம் அடங்கக் கனநாள் எடுத்தது.

எங்கள் வீட்டுப் படத்துக்கு நடந்ததுதான் அவருடைய மற்றப் படங்களுக்கும் நடந்தது. புதுப் படங்களில் ஆட்கள் குறைந்தார்கள். பிறகு முதுகு மட்டும். பிறகு கதிரை மட்டும். ஆட்கள் குறையக் குறைய அங்கே அவருக்குப் பேர் கூடியது. அன்ட்வேர்ப்பில் பெரிதாக ஒரு கண்காட்சி வைத்தபோது எங்களையும் கூப்பிட்டார். நாங்கள் பஸ்ஸில் போனோம், அவருடைய மனைவி தந்துவிட்ட மட்டன் ரோல்ஸ் பெட்டியோடு. மண்டபத்தில் எல்லாரும் கறுப்பு உடுப்பில் மெதுவாகக் கதைத்துக்கொண்டு நின்றார்கள். பெல்ஜியம் அண்ணை ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று வந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

கண்காட்சியை நடத்தினவ கட்டையாக வெட்டின நரை முடியோடு ஒரு பெண், நல்ல மாதிரி. எங்களை ஒவ்வொரு படமாகக் கூட்டிக்கொண்டு போய் இங்கிலீசில் விளங்கப்படுத்தினாள். இளமையில் கூட்டம், நடுவில் அடக்கம், இப்போது மௌனம். வடக்கு நாட்டு வெளிச்சத்தை இவ்வளவு பொறுமையாகப் பிடித்த ஓவியர் இப்போது வேறு இல்லை என்றாள். கடைசிப் படத்துக்கு முன்னால் நின்றோம். ஒரு மேசை, பதினொரு கோப்பை, மக்னோலியாச் சுவர். இதில் யாருடைய இல்லாமையும் இல்லை, இல்லாமை மட்டுமே இருக்கிறது என்று சொன்னாள்.

"இது எங்கட குசினி" என்றார் இவர்.

அவள் அதை நல்ல பதிலாக எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். நான் ரோல்ஸ் பெட்டியை நீட்டினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்காட்சிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். ஆட்கள் ஒவ்வொருவராக எழும்பிப் போகிறார்கள். அப்போது எங்கள் வீட்டுப் படத்தில் மிச்சம் இருந்தது மூன்று பேர். அடுத்த வருஷம் இரண்டு. ஜன்னலடியில் இவர், அடுப்படியில் அவர்.

இவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் போக ஷேவ் எடுத்துக்கொண்டிருந்தபோது குளியலறையில் விழுந்தார். ஐம்பத்தி நாலு வயது. பஸ் ஓட்டுகிற ஆள், ஒருநாள் கூட ஷிப்டுக்குப் பிந்தினதில்லை. அம்புலன்ஸ் வந்தது, ஆட்கள் வந்தார்கள், பிறகு ஆட்கள் போனார்கள். எனக்கு அழுகை வரவில்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னம் விறைத்துக் கிடக்குமே, அப்படி உடம்பு முழுக்க. மச்சாள், இவருடைய தங்கச்சி, என்னைப் பிடித்து உலுப்பி, "அழுங்கோ மச்சாள், அழாட்டில் உடம்புக்கு வருத்தம் வந்திடும்" என்றா. நான் அவவுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

செத்தவீட்டுக்குப் பெல்ஜியம் அண்ணை வந்தார். எண்ணினார். திரும்பவும் எண்ணினார். குசினிக்குள் போய், மேலே போய், கீழே வந்து மூன்றாம் தரமும் எண்ணினார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். பேணி இல்லை. அதற்குப் பிறகு அவர் வந்த ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்தவுடன் நான் பார்ப்பது அவருடைய கையைத்தான். எனக்கு இருந்த ஒரே பயம் அது. வேறு ஒன்றுக்கும் பயப்பட என்னிடம் மனம் இல்லை.

சுவரில் இவருடைய போட்டோவுக்கு மாலை போட்டாயிற்று. மச்சாள் அந்தப் பெரிய படத்தையும் காட்டி, "இதுக்கும் ஒரு மாலை போட்டாலென்ன, எங்கட அண்ணை இதில இருக்கிறார்தானே" என்றா. உயிரோடு இருக்கிற பெல்ஜியம் அண்ணையும் அதில் நிற்கிறார், மாலை போட்டால் அவருக்கும் சேர்த்துத்தான் போகும் என்று யாரோ சொன்ன பிறகுதான் விட்டா.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த அடுத்த ஞாயிறு, மத்தியானம், மணி அடித்தது. மகள் மேல்மாடி ஜன்னலால் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது. "அம்மா, பெரியப்பா பேணியோட வாறார். கதவைத் திறக்காதேங்கோ" என்றாள். பிறகு இங்கிலீசில், அப்பாவை அவர் அழித்துவிடுவார், அழித்தால் தான் இந்த வீட்டில் இருக்கமாட்டேன் என்றாள்.

நான் திறந்தேன். ஏன் திறந்தாய் என்று அவள் பிறகு எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். உண்மையைச் சொன்னால், வலிக்குமா என்று பார்க்க ஆசையாக இருந்தது. அத்தனை நாளும் ஒன்றும் வலிக்கவில்லை.

அவர் சப்பாத்தைக் கழற்றினார். எண்ணவில்லை. செற்றியில் பேப்பரை விரித்தார். நான் குசினிக்குள் போய், கொதித்த உலையில் அரிசியைப் போட்டுப் பானையைக் கிளறிக்கொண்டு நின்றேன். பேணியின் மூடி திறபடுகிற சத்தம் கேட்டது. எண்ணெய் மணம் வந்தது. அவர் நிறம் கலக்குகிறார் என்று தெரிந்தது.

"தங்கச்சி" என்று அங்கிருந்தே கூப்பிட்டார். "எத்தினை பேருக்கு அரிசி போட்டனீங்கள்?"

"மூண்டு பேருக்கு."

"ஆரார்?"

"நான், மகள், நீங்கள்."

"வேற ஒருத்தருக்கும் இல்லையோ?"

"இல்லை."

"அப்ப சரி" என்றார்.

பானையைப் பார்த்தேன். கல்யாணம் முடித்த நாளிலிருந்து இவருக்கும் சேர்த்துத்தான் அரிசி போட்டிருக்கிறேன். சாப்பாட்டுக்கு வராத நாளிலும் போட்டு, மூடி வைத்திருக்கிறேன். அதை எந்த நாள் குறைத்தேன்? யோசித்துப் பார்த்தேன். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் சமைத்துக் கொண்டுவந்த சாப்பாடு முடிந்து, நான் முதல் முதலாக உலை வைத்த அன்றே குறைத்திருக்கிறேன். சுண்டை எடுத்தது, அளந்தது, அரைச் சுண்டை விட்டது, ஒன்றும் எனக்கு ஞாபகம் இல்லை. என் கை யாரிடமும் கேட்காமல் அவரை எடுத்துவிட்டிருந்தது. அப்போதுதான் நெஞ்சுக்குள் ஏதோ அசைந்தது, கொஞ்சமாக.

அகப்பையோடு முன்னறைக்கு ஓடினேன். அவர் முழங்காலில் நின்றார். தூரிகையில் மக்னோலியா. ஜன்னல் பக்கமாகக் கை உயர்ந்திருந்தது.

"அண்ணை, அவரில கை வையாதேங்கோ."

அவர் திரும்பவில்லை. "நீங்களே எடுத்திட்டியள் தங்கச்சி."

"அரிசியில எடுத்திட்டன். இதில எடுக்க விடமாட்டன்."

"இல்லாத ஆளை வைச்சிருந்தால் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டு நிக்க வேணும்."

"நிக்கிறன்."

"உங்களுக்கு ஏலும்" என்றார். "எனக்கு ஏலாது. நான் இந்த வீட்டுக்கு வந்து அவனைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்க ஏலாது. எனக்கு வேற மாதிரி ஒண்டும் தெரியாது."

மகள் படியில் இருந்தாள். கடைசிப் படியைப் பிடித்தபடி இருந்தாள். தூரிகையிலிருந்து ஒரு துளி பேப்பரில் விழுந்தது. அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு செற்றியில் முழங்காலாலேயே நகர்ந்து மற்றப் பக்கத்துக்குப் போனார். அடுப்படிக்கு. தன்னுடைய முதுகில் தொடங்கினார். முதலில் சேட்டு, பிறகு தோள், பிறகு பிடரி. அவசரப்படவில்லை, ஓரங்களைக் கவனமாகச் செய்தார். இருபது நிமிஷத்தில் அடுப்பில் பானை மட்டும் இருந்தது.

தூரிகையைக் குசினியில் கழுவினார். மேசையில் இருந்து சாப்பிட்டார், போட்டதை எல்லாம் சாப்பிட்டார். "உப்புக் காணாது" என்றார். பேணியை எடுத்துக்கொண்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார். திரும்ப எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை.

நான் கேட்டது கிடைத்தது. பதினொரு கோப்பை உள்ள மேசையடியில் இவர் தனியாக இருந்து பருப்பில் கல் பொறுக்குகிறார். அடுப்பில் பானை வேகிறது, சமைக்க ஆள் இல்லை. அன்று பின்னேரம் மகள் படத்துக்கு முன்னால் நின்று, "அப்பா தனிய இருக்கிறார் அம்மா" என்றாள். நான் இவரைக் காப்பாற்றினேனா, தனியாக ஒரு அறையில் பூட்டி வைத்தேனா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. மச்சாள் வந்து பார்த்தா, இனி மாலை போடலாம் என்றா. நான் விடவில்லை.

சில மாதத்தில் பெல்ஜியம் அண்ணையும் மனைவியும் அன்ட்வேர்ப்புக்கே திரும்பிப் போனார்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இனி இங்கே என்ன என்று சொன்னதாகக் கேள்வி. என்னிடம் சொல்லவில்லை. ஆனால் போய் ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிறு டெலிபோன் வந்தது.

"தங்கச்சி, அவன் இருக்கிறானோ?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு சுவரைப் பார்த்தேன். "ஓம் அண்ணை, இருக்கிறார்."

"சரி" என்றார். வைத்துவிட்டார்.

மாதத்தில் ஒரு ஞாயிறு அந்த அழைப்பு வரும். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கமாட்டார், மகளைப் பற்றிக் கேட்கமாட்டார். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு அந்த ஞாயிறுகளில் கடைக்குப் போகாமல் இருக்கத் தொடங்கினேன். அப்டன் பார்க்கில் நான் வேலை செய்கிற மருந்துக்கடையில், கோயிலில், சொந்தக்காரர் வீட்டில், எல்லாரும் இவரைப் பற்றி நல்ல மனிதராக இருந்தார் என்றுதான் சொல்வார்கள். இருக்கிறாரா என்று கேட்க ஒருவர் இருந்தது எனக்குத் தேவையாக இருந்தது. அதை அவரிடம் சொன்னதில்லை.

ஒருமுறை மட்டும் நான் கதையை நீட்டினேன். இப்போது என்ன கீறுகிறீர்கள் என்று கேட்டேன். "சுவர்" என்றார். மேசையையும் எடுத்துவிட்டீர்களா என்றேன். "ஓம். கோப்பையும் எடுத்திட்டன். எண்ண ஒண்டுமில்லை இப்ப." அந்தப் படங்களுக்குத்தான் அங்கே அவரை உச்சத்தில் வைத்து எழுதினார்களாம்.

நாலு வருஷம் அப்படிப் போனது. பிறகு இரண்டு ஞாயிறு தவறியது. மூன்றாவதில் அவருடைய மனைவி எடுத்தா. ஆஸ்பத்திரியில், நித்திரையிலேயே போய்விட்டாராம். நான் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டு நின்றேன். அப்போதும் அழவில்லை. வைத்த பிறகு மகளுக்கு மெசேஜ் அனுப்பினேன். அவள் இப்போது ஹவுன்ஸ்லோவில், விமான நிலையத்தில் வேலை, அங்கேயே ஒரு அறை எடுத்து இருக்கிறாள்.

போன கிழமை அன்ட்வேர்ப்பிலிருந்து அந்த நரைமுடிப் பெண் அழைத்தாள். அவருடைய வேலை முழுவதையும், முதல் படத்திலிருந்து கடைசிச் சுவர் வரை, வரிசையாக வைக்கப் போகிறார்களாம். எங்கள் வீட்டுப் படம் இல்லாமல் அது முழுமையாகாதாம். அவர் வாழ்க்கை முழுக்கக் கீறினது ஒரே துணியில் இருப்பது அதில் மட்டும்தானாம். மேலே பூசின பெயின்ற் படை ஒவ்வொன்றையும் ஊடுருவிப் படம் பிடித்து, அடியில் இருக்கிற பத்துப் பேரையும் பார்க்கலாம் என்றாள். அவள் குரலில் மரியாதை இருந்தது, துக்கமும் இருந்தது. அவளும் அவரை இழந்தவள்தான் என்று எனக்குத் தோன்றியது.

"கடைசியாக எங்களுக்குக் கிடைத்த தகவலில், ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒருவர் இருப்பதாக இருக்கிறது" என்றாள். "இப்போதும் இருக்கிறாரா?"

"ஓம்" என்றேன். "இருக்கிறார்."

நாலு மாதத்துக்கு மட்டும் தரச் சொன்னாள். ஆட்கள் வந்து பத்திரமாகக் கட்டி எடுத்துப் போவார்கள், ஒரு கீறல் விழாமல் திரும்பக் கொண்டுவந்து மாட்டிவிடுவார்கள் என்றாள்.

முடியாது என்றேன்.

அவள் கோபப்படவில்லை. காரணத்தைத் தெரிந்துகொள்ளலாமா என்று கேட்டாள்.

"இந்த வீட்டில் இரண்டு பேர்தான் இருக்கிறோம்" என்றேன்.